எதிர்மறை அழுத்தம் இழுக்கத்தானே வேண்டும், பிரபஞ்சம் ஏன் விரிகிறது?

சேலத்தில் இயற்பியல் படிக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: "வெற்றிடத்துக்கு எதிர்மறை அழுத்தம் இருக்கிறது, அதனால்தான் பிரபஞ்சம் மேலும் மேலும் வேகமாக விரிகிறது என்கிறார்கள். எதிர்மறை அழுத்தம் என்றால் உள்ளே இழுக்கத்தானே வேண்டும்? ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போனால் சிப்ஸ் பாக்கெட் உப்புகிறது, உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால். அப்படிப் பார்த்தால் விரிவதற்கு நேர்மறை அழுத்தம் அல்லவா வேண்டும்? அது போக, முதலில் வேகம் குறைந்ததாம், பிறகு கூடியதாம். நடுவில் என்ன மாறியது?"

கேள்வி இரண்டாகத் தெரிந்தாலும் முடிச்சு ஒன்றுதான். அழுத்தம் என்றாலே தள்ளும் என்று பாக்கெட்டும் டியூப்பும் பிரஷர் குக்கரும் நம் கைக்குப் பழக்கியிருக்கின்றன. பிரபஞ்சக் கணக்கில் அழுத்தத்துக்குத் தள்ளுகிற வேலையே கிடையாது. அங்கே அது எடைத் தட்டில் ஏறி உட்காரும் இன்னொரு சரக்கு. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் கூட்டல் கழித்தல்.

முதலில் உங்கள் சிப்ஸ் பாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம், நல்ல உதாரணம் அது. சேலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். கீழே காற்றழுத்தம் ஏறக்குறைய 98,000 பாஸ்கல்; இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்தால் 85,000 பக்கம் வந்துவிடும். அடிவாரத்துக் கடையில் வாங்கியபோது பாக்கெட்டுக்குள்ளும் வெளியிலும் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்று. மேலே போனதும் வெளியில் 13,000 குறைந்துவிட்டது. 15 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் உறை என்றால் ஒரு பக்கத்தின் மேல் 390 நியூட்டன், அதாவது 40 கிலோ எடை வைத்த மாதிரி விசை. உறை விரிந்து கொடுப்பது அதனால்தான். இப்போது கவனியுங்கள்: சேலத்தில் இருந்தபோது அதே உறையை உள்ளிருந்து 98,000 பாஸ்கல் அழுத்திக்கொண்டுதான் இருந்தது, மேலே இருப்பதைவிடக் குறைவாக அல்ல. ஆனாலும் அது சும்மா கிடந்தது. தள்ளுவது அழுத்தம் இல்லை, அழுத்தத்தின் வித்தியாசம்.

பிரபஞ்சத்தில் அந்த வித்தியாசம் கிடையாது. சில பத்துக் கோடி ஒளியாண்டுகளுக்கு மேல் பெரிதாக எடுத்துக்கொண்டால் எந்தப் பகுதியும் எந்தப் பகுதியைப் போலத்தான் இருக்கிறது. ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு என்பது இல்லை. பாக்கெட்டுக்கு இருப்பது போல உறையும் இல்லை, உறைக்கு வெளியே என்று ஓர் இடமும் இல்லை. ஆகவே நேர்மறை அழுத்தம் இருந்தாலும் அது பிரபஞ்சத்தை ஊதாது, எதிர்மறை அழுத்தம் இருந்தாலும் சுருக்காது. புத்தகங்களில் வரும் பலூன் படம் இந்த இடத்தில்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது. புள்ளிகள் விலகுவதைக் காட்ட அது போதும். ஊதும் வாயையும் சேர்த்து மனசில் பதித்துவிடுகிறதே, அதுதான் வினை.

சரி, எதிர்மறை அழுத்தம் என்பது நிஜமாகவே உள்ள பொருளா, கணக்குக்காகப் போட்ட குறியா? நிஜம்தான். இதைச் சொல்ல வாயை அடைத்த சிரிஞ்சை இழுத்துக் காட்டுவார்கள். அது தவறான உதாரணம்; சிரிஞ்சுக்குள் அழுத்தம் பூஜ்ஜியத்துக்கு அருகில் போகிறது, அவ்வளவுதான். பிஸ்டனைத் திரும்ப உள்ளே தள்ளுவது வெளிக்காற்று. பூஜ்ஜியத்துக்கும் கீழே உள்ள அழுத்தம் வேண்டுமென்றால் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களைப் பார்க்கலாம். வெயில் நேரத்தில் இலைகள் நீரை ஆவியாக விட, தண்டுக்குள் நூலாக நிற்கும் நீர் மேலிருந்து இழுபடுகிறது. உயரமான மரங்களில் அந்த நீரின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பத்து மடங்கு வரை எதிர்மறையில் போவது சாதாரணம். இழுத்துப் பிடித்த ரப்பர் மாதிரி, ஆனால் திரவம். நீங்கள் சொன்னபடி எதிர்மறை அழுத்தம் என்பது இழுவிசைதான். அதில் உங்கள் உள்ளுணர்வில் குறையில்லை.

வெற்றிடத்துக்கு அது எப்படி வந்தது என்பதற்கு ஒரு பெட்டிக் கணக்கு போதும். ஒரு கன மீட்டர் பெட்டி விரிந்து இரண்டு கன மீட்டர் ஆகிறது. உள்ளே இருப்பது வெறும் தூசி, அதாவது தன் பாட்டுக்குக் கிடக்கும் பொருள் என்றால், விரிந்த பிறகும் அதே எண்ணிக்கை, அதே மொத்த ஆற்றல். விரிவதற்கு ஆற்றல் செலவாகவில்லை, வரவும் இல்லை. அழுத்தம் பூஜ்ஜியம். உள்ளே ஒளி இருந்தால், இடம் விரிய விரிய அலைநீளமும் நீளும், ஒவ்வொரு ஒளித்துகளும் ஆற்றலை இழக்கும். பெட்டிச் சுவரைத் தள்ளி அது வேலை செய்திருக்கிறது. அழுத்தம் நேர்மறை, அதன் ஆற்றல் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கு. உள்ளே வெற்றிடத்தின் ஆற்றல் மட்டும் இருந்தால், கன மீட்டருக்கு இவ்வளவு என்பது மாறாது. இரண்டு கன மீட்டரில் இரண்டு மடங்கு ஆற்றல். விரிவின்போது ஆற்றல் கூடுகிறது என்றால் யாரோ அதை இழுத்து நீட்டி வேலை கொடுத்திருக்க வேண்டும். இழுத்தால்தான் நீளும் பொருளின் அழுத்தம் எதிர்மறை. அளவு, அதன் ஆற்றல் அடர்த்திக்குச் சரிசமம். பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமைத்தர் 1934இலேயே இதை எழுதிவிட்டார்.

இந்தப் பெட்டிக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். "யாரோ இழுத்து" என்றேன். நிஜப் பிரபஞ்சத்தில் அப்படி இழுக்கும் ஆள் வெளியே நிற்கவில்லை. கூடுகிற ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், விரியும் பிரபஞ்சம் முழுமைக்கும் மாறாத மொத்த ஆற்றல் என்று ஒரு பேரேட்டையே பொதுச் சார்பியல் வைத்திருக்கவில்லை என்பதுதான் நேர்மையான பதில். இடத்துக்கு இடம் எழுதும் கணக்கு மட்டும் பைசா பிசகாமல் சரியாக வரும். பெட்டி அந்தச் சிறு கணக்குக்கான படம்.

இப்போது எடைத் தட்டுக்கு வருவோம். நியூட்டனின் ஈர்ப்பில் நிறை மட்டும்தான் இழுக்கும். ஐன்ஸ்டைனின் ஈர்ப்பில் அழுத்தத்துக்கும் எடை உண்டு. அதுவும் நீளம், அகலம், உயரம் என மூன்று திசையிலும் அழுத்தம் இருப்பதால் மூன்று முறை கணக்கில் ஏறும். பிரபஞ்ச விரிவை எது தடுக்கிறது, எவ்வளவு தடுக்கிறது என்று கேட்டால் விடை: ஆற்றல் அடர்த்தி, கூட்டல், மூன்று மடங்கு அழுத்தம். ரஷ்யாவின் ஃப்ரீட்மன் 1922இல் எழுதிய சமன்பாடுகளிலிருந்து வருவது இது. இதையே எந்த வடிவ விரிவுக்கும் பொருந்தும்படி 1955இல் கொல்கத்தாவிலிருந்து எழுதியவர் அமல்குமார் ராய்சௌதுரி. அவர் பெயரிலேயே அந்தச் சமன்பாடு வழங்குகிறது.

அடர்த்தியை 1 என்று வைத்துக்கொண்டு மூன்று சரக்கையும் தட்டில் போடுங்கள். தூசிக்கு அழுத்தம் பூஜ்ஜியம்: 1 + 0 = 1, விரிவைத் தடுக்கும். ஒளிக்கு மூன்றில் ஒன்று: 1 + 1 = 2, இரண்டு மடங்கு தடுக்கும். உங்கள் பாக்கெட் தர்க்கத்துக்கு நேர் எதிராக, நேர்மறை அழுத்தம் உள்ள ஒளிதான் விரிவுக்கு அதிகமாகத் தடை போடுகிறது. வெற்றிடத்துக்குக் கழித்தல் 1: 1 − 3 = −2. தட்டு மறுபக்கம் சாய்கிறது. தடுப்பதற்குப் பதிலாக வேகத்தைக் கூட்டுகிறது. முதல் கேள்விக்கு விடை இந்த −2தான். வெற்றிடத்தின் அழுத்தம் தள்ளவில்லை. அதன் எடை எதிர்மறை.

அப்படியானால் சில்வர் ஓக் மரத்து நீர் ஏன் எதிர் ஈர்ப்பைக் காட்டுவதில்லை? அழுத்தத்தை அந்தப் பொருளின் மொத்த ஆற்றல் அடர்த்தியோடு ஒப்பிட வேண்டும், நிறையையும் ஆற்றலாக மாற்றிக்கொண்டு. மரத்து நீரில் −10 வளிமண்டலம் என்பது அந்த நீரின் நிறை ஆற்றலில் ஒரு கோடி கோடியில் ஒரு பங்கு. சேலத்துக் காற்றின் அழுத்தம் அதன் நிறை ஆற்றலில் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு. விண்மீன் கூட்டங்களை ஒரு வாயுவின் அணுக்களாகப் பாவித்து, அவை தமக்குள் விநாடிக்குச் சில நூறு கி.மீ. வேகத்தில் அலைவதை அழுத்தமாக மாற்றினாலும் ஒரு கோடியில் சில பங்குதான் வரும். அதனால்தான் பொருளுக்கு அழுத்தம் பூஜ்ஜியம் என்று துணிந்து போடுகிறோம். வெற்றிடத்தின் அழுத்தமோ பாஸ்கலில் பார்த்தால் சிரிப்பு வரும்: ஒரு பாஸ்கலை 200 கோடியாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு, எதிர்மறையில். ஆனால் அதன் சொந்த ஆற்றல் அடர்த்தியோடு ஒப்பிட்டால் முழுசாக −1. தட்டைச் சாய்ப்பது அளவு இல்லை, இந்த விகிதம்.

இனி இரண்டாம் கேள்வி, நடுவில் என்ன மாறியது. ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைகளில் ஜவ்வரிசி காயப்போடும் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஜவ்வரிசி பொருள், தரை வெற்றிடம். களம் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனால், கொட்டிய ஜவ்வரிசி அதேதான், சதுர அடிக்கு விழுவது மட்டும் குறையும். தரை அப்படிக் குறையாது. ஒரு சதுர அடியில் ஒரு சதுர அடித் தரை எப்போதும் இருக்கும். களம் சின்னதாக இருந்தபோது குவிந்த ஜவ்வரிசியில் தரையே தெரியவில்லை. விரிந்த பிறகு தரைதான் தெரிகிறது. தரை கூடிவிட்டதா என்றால் இல்லை, மறைத்துக்கொண்டிருந்தது மெலிந்துவிட்டது. யாரும் சுவிட்சைப் போடவில்லை. பிரபஞ்சம் நீள அகல உயரத்தில் விரிவதால் பொருள் மூன்றாம் அடுக்கில் மெலிகிறது: அளவு இரட்டித்தால் அடர்த்தி எட்டில் ஒன்று. ஒளி நான்காம் அடுக்கில், பதினாறில் ஒன்று. வெற்றிடம் அப்படியே.

இன்றைய இருப்பு என்ன? பிரபஞ்சத்தின் ஆரம்பகால ஒளியான பின்னணிக் கதிர்வீச்சை அளந்த பிளாங்க் விண்கலத்தின் 2018 முடிவுகளை எடுத்துக்கொள்கிறேன்: ஹபிள் எண், அதாவது ஒரு மெகாபார்செக் (32.6 லட்சம் ஒளியாண்டு) தூரத்தில் இருப்பது விநாடிக்கு எத்தனை கி.மீ. வேகத்தில் விலகுகிறது என்பது, 67.4; பொருள் 31.5 சதவீதம், வெற்றிடம் என்று நாம் இங்கே அழைக்கும் இருண்ட ஆற்றல் 68.5 சதவீதம். மொத்த அடர்த்தி கன மீட்டருக்கு ஐந்து புரோட்டான் எடை. அதில் மூன்றரை வெற்றிடத்துக்கு. ஒன்றரைக்குச் சற்று மேல் பொருளுக்கு, அதிலும் பெரும்பகுதி இருண்ட பொருள், ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தெரிவது. நீங்களும் நானும் ஏற்காட்டு மலையும் செய்யப்பட்ட சாதாரணப் பொருள் சராசரியாக நாலு கன மீட்டருக்கு ஒரு புரோட்டான்.

இந்த எண்களை வைத்துப் பின்னோக்கிப் போனால், முதல் 50,000 ஆண்டுகள் ஒளியின் ஆட்சி, இரட்டைத் தடை. பிறகு பொருளின் காலம். 3,80,000 ஆண்டில் பின்னணிக் கதிர்வீச்சு விடுபட்டபோது பொருள், வெற்றிடத்தைவிட 60 கோடி மடங்கு அடர்த்தியாக இருந்தது. வெற்றிடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தால்கூட யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. பொருள் மெலிந்துகொண்டே வந்து, வெற்றிடத்தைப் போல மிகச் சரியாக இரண்டு மடங்கு ஆனபோது தட்டு சமமானது: பொருளுக்கு 2, வெற்றிடத்துக்கு −2. அப்போது தூரங்கள் எல்லாம் இன்றைய அளவில் 61 சதவீதம், பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 770 கோடி ஆண்டு. இன்றைக்கு 610 கோடி ஆண்டு முன்பு. பூமி பிறக்கவில்லை, சூரியனும் இல்லை. அன்றிலிருந்து வேகம் கூடுகிறது. பொருளும் வெற்றிடமும் அடர்த்தியில் சமமானது அதற்கும் பிறகு, சுமார் 350 கோடி ஆண்டு முன்பு. அதற்குள் பூமிக்கு நூறு கோடி வயது. சேர்வராயன் மலையின் சார்னக்கைட் பாறைக்கு ஏறக்குறைய 250 கோடி வயது. அது பூமிக்கடியில் வெந்துகொண்டிருந்தபோது பிரபஞ்சத்தின் கணக்கு வெற்றிடம் 56, பொருள் 44. கொண்டை ஊசி வளைவுகளில் வெட்டுச் சுவராக நிற்கும் அந்தக் கரும்பாறைக்குக்கூட வேகம் கூடாத பிரபஞ்சத்தைத் தெரியாது.

பலர் இரண்டு தேதிகளையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். வேகம் கூடத் தொடங்கியபோது பொருள்தான் இன்னும் அதிகம். வெற்றிடத்தின் எடை இரட்டிப்பாக எண்ணப்படுவதால் அது சிறுபான்மையாக இருக்கும்போதே ஜெயித்துவிட்டது. இன்னொரு வேடிக்கையும் இதில் உண்டு. 1917இல் ஐன்ஸ்டைன் பிரபஞ்சத்தை அசையாமல் நிறுத்தப் பார்த்தார்; அதற்காகத்தான் வெற்றிட ஆற்றலின் வேலையைச் செய்யும் ஒரு மாறிலியைத் தன் சமன்பாட்டில் சேர்த்தார். அவர் சமநிலை கேட்பதும் இதையேதான்: பொருள், வெற்றிடத்தைப் போல இரண்டு மடங்கு. நம் பிரபஞ்சம் அந்த இடத்தை ஓட்டத்தில் கடந்து போனது, அவர் அங்கே நிற்க வைக்கப் பார்த்தார். நிற்காது என்று 1930இல் எடிங்டன் காட்டினார். துளி விரிந்தாலும் பொருள் மெலியும், வெற்றிடம் மெலியாது, உடனே மேலும் விரியும். துளி சுருங்கினால் எதிர்ப்பக்கம் ஓடும். கவிழ்த்த உரலின் உச்சியில் கோலிக்குண்டை நிறுத்துகிற வேலை.

வேகம் கூடுகிறது என்ற சொல்லிலேயே ஒரு பொறி இருக்கிறது. ஹபிள் எண் கூடுகிறது என்று அதற்குப் பொருள் இல்லை. அது தொடக்கத்திலிருந்து குறைந்துகொண்டேதான் வருகிறது, இனியும் குறையும், 56 அருகில் போய் நிற்கும். கூடுவது ஒரு குறிப்பிட்ட விண்மீன் கூட்டம் நம்மைவிட்டு விலகும் வேகம். கோமா என்ற விண்மீன் கூட்டக் கொத்தின் தூரத்தில், அதாவது 100 மெகாபார்செக், சுமார் 32.6 கோடி ஒளியாண்டில் இன்று ஒன்று இருப்பதாக வைத்துப் பின்தொடருங்கள். பிரபஞ்சம் இன்றைய அளவில் கால் பங்காக இருந்தபோது அது 25 மெகாபார்செக்கில் இருந்தது, ஹபிள் எண் 308. விலகும் வேகம் விநாடிக்கு 7,690 கி.மீ. தட்டு சமமான நாளில் 61 மெகாபார்செக், ஹபிள் எண் 97, வேகம் 5,920. இன்று 67.4, வேகம் 6,740. இன்னும் 1,120 கோடி ஆண்டில் அளவு இரட்டித்து 200 மெகாபார்செக் போகும். ஹபிள் எண் 57.4 ஆக இறங்கியிருக்கும், வேகமோ 11,470. எண் 308, 97, 67, 57 என்று இறங்க, வேகம் 7,690இலிருந்து 5,920க்கு விழுந்து, பிறகு ஏறுகிறது. விரிவு வேறு, விரிவின் வேகம் மாறுவது வேறு என்பது இந்த நாலு வரியில் தெரியும். விரிவைத் தொடங்கி வைத்தது வெற்றிடத்தின் இந்த ஆற்றல் இல்லை. அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டியில் பிந்தி ஏறியது.

இது நம் பக்கத்தில் ஏதும் செய்யுமா என்ற கேள்வி அடுத்து வரும், அதனால் இப்போதே. பூமியின் சுற்றுப்பாதையை ஆரமாகக் கொண்டு சூரியனைச் சுற்றி ஒரு கோளம் வரைந்தால், அதற்குள் உள்ள வெற்றிட ஆற்றல் நிறையாக மாற்றிப் பார்த்தால் சுமார் 82,000 டன். மேட்டூர் அணையில் விநாடிக்கு 1,000 கன அடி திறந்துவிட்டால் முக்கால் மணி நேரத்தில் வெளியேறும் தண்ணீர் அவ்வளவு எடை. எதிரே நிற்பது சூரியன், 2ஐத் தொடர்ந்து 27 பூஜ்ஜியம் டன். பூமியின் பாதையை ஒரு நூலிழைகூட இது அசைக்காது. நம் பால்வீதியும் ஆண்ட்ரோமெடாவும் சேர்ந்த கூட்டத்துக்கு, சுமார் 40 முதல் 50 லட்சம் ஒளியாண்டுத் தூரம் வரை பொருளின் இழுப்பே மேலோங்கும். டிசம்பர் கடைசியில் ஏற்காட்டில் மேகம் விலகிய இரவு கிடைத்தால், இருட்டியதும் சேலத்து விளக்குகளுக்கு முதுகைக் காட்டி வடக்கே பாருங்கள். தலைக்கு மேலிருந்து சற்றே இறங்கி ஒரு பஞ்சுத் திட்டாக ஆண்ட்ரோமெடா தெரியும். 25 லட்சம் ஒளியாண்டு. சூரியனைப் பொறுத்து விநாடிக்கு 300 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. வெற்றிடம் அங்கேயும் இருக்கிறது, எடை போதவில்லை.

இவ்வளவும் சொன்னேனே, எதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்? விரிவு, பொருள் மெலியும் விதம், ஒளியின் காலம், அழுத்தத்துக்கு எடை உண்டு என்பது எல்லாம் உறுதி. வேகம் கூடுவதும் உறுதி என்றே சொல்வேன். 1998இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக, வெடிக்கும் வெண்குறுமீன்களின் ஒளி, வேகம் கூடாத பிரபஞ்சத்தில் எதிர்பார்த்ததைவிட மங்கலாக, அதாவது அதிகத் தூரத்தில் இருப்பதைக் கண்டன. பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் 2011இல் நோபல். நடுவில் தூசி மறைத்திருக்கலாம் என்ற நியாயமான ஐயம் அப்போது எழுந்தது. தூசி என்றால் தூரம் கூடக் கூட மங்கலும் கூடிக்கொண்டே போக வேண்டும். 2004இல் ஹபிள் தொலைநோக்கியில் இன்னும் தொலைவான வெடிப்புகளைப் பார்த்தபோது அந்த மிகை மங்கல் கூடவில்லை, குறைந்தது: அந்தக் காலத்தில் விரிவு வேகமிழந்துகொண்டிருந்ததன் தடம் அது. விண்மீன் கூட்டங்களின் பரவலில் பதிந்திருக்கும் சுமார் 49 கோடி ஒளியாண்டு நீள அளவுகோலும், வெடிப்புகளை நம்பாமலே, அதே பக்கம் கைகாட்டுகிறது.

ஐயம் தொடங்கும் இடம், அழுத்தத்துக்கும் ஆற்றல் அடர்த்திக்கும் உள்ள விகிதமான அந்த −1. எல்லா அளவீடுகளையும் சேர்த்தால் −1.03, முன்பின் 0.03 என்று பிளாங்க் குழு எழுதியது. வெற்றிடம் என்ற விளக்கத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அரிசோனாவின் கிட் பீக் மலையில் உள்ள, விண்மீன் கூட்டங்களின் தூரத்தை அளக்கும் டெசி கருவி 2024இலும் 2025இலும் வெளியிட்ட முடிவுகள், இந்த ஆற்றல் காலப்போக்கில் மாறியிருக்கலாம், அண்மையில் தளர்ந்திருக்கலாம் என்ற பக்கம் சாய்கின்றன. சேர்த்துக்கொள்ளும் வெடிப்புத் தொகுப்பைப் பொறுத்து நம்பகம் 2.8 முதல் 4.2 சிக்மா (தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு அது), கண்டுபிடிப்பு என்று அறிவிக்க வழக்கமாகக் கேட்பது 5. தொகுப்பை மாற்றினால் இவ்வளவு ஆடும் முடிவை நான் இன்னும் கையில் எடுக்க மாட்டேன், தள்ளியும் விட மாட்டேன். அது உறுதியானால் "தரை மாறாது" என்ற என் ஜவ்வரிசிக் களம் திருத்தப்பட வேண்டும், தொலைதூர எதிர்காலம் பற்றிய எண்கள் முதலில் விழும்.

ஹபிள் எண்ணிலும் வழக்கு தீரவில்லை. பின்னணிக் கதிர்வீச்சு வழியாக 67.4, அருகிலுள்ள விண்மீன்களையும் வெடிப்புகளையும் படிப்படியாக அளந்தால் 73. அதே பங்கீட்டில் 73 போட்டால் பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டிலிருந்து 1,274 கோடியாகச் சுருங்கும். தட்டு சமமான அளவு, அந்த 61 சதவீதம், மாறாது. அது பங்கீட்டை மட்டும் பொறுத்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, வெற்றிடத்துக்கு ஏன் இவ்வளவு ஆற்றல் என்பது. குவாண்டம் கோட்பாட்டில் முரட்டுத்தனமாகக் கணக்கிட்டால் அளந்ததைவிட 120 பூஜ்ஜியம் அதிகம் வருகிறது. மிக அடக்கமாகக் கணக்கிட்டாலும் 50 பூஜ்ஜியத்துக்கு மேல். இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே அளக்கப்படும் கேசிமிர் விசையைக் காட்டி, பார், வெற்றிட ஆற்றல் நிரூபணமாகிவிட்டது என்பவர்களை நம்ப வேண்டாம். அந்த விசை தகடுகளின் நிலையைப் பொறுத்த வித்தியாசத்தைக் காட்டுகிறது, ஈர்ப்புக் கணக்கில் ஏறும் முழுத் தொகையை அல்ல.

எண்களை என் வாய்ச்சொல்லாக எடுத்துக்கொள்ளாமல் எக்ஸெல்லில் நீங்களே போட்டுப் பாருங்கள், அரை மணி நேர வேலை. முதல் நெடுவரிசையில் பிரபஞ்சத்தின் அளவு, இன்று 1 என்று வைத்து: 0.005, 0.015, 0.025 என்று 0.995 வரை, நூறு வரிசை. இரண்டாவதில், 0.315ஐ அந்த அளவின் மூன்றாம் அடுக்கால் வகுத்து, 0.685ஐக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து 67.4ஆல் பெருக்குங்கள், அது அன்றைய ஹபிள் எண். மூன்றாவதில் 0.01ஐ 978ஆல் பெருக்கி, முதல் இரண்டு நெடுவரிசைகளின் பெருக்கற்பலனால் வகுங்கள். மூன்றாவதன் கூட்டுத்தொகை 13.8 வரும், அதுதான் பிரபஞ்சத்தின் வயது, அலகு நூறு கோடி ஆண்டு. நான்காவதில் முதல் இரண்டின் பெருக்கற்பலனை 100ஆல் பெருக்கினால் கோமா தூரத்துக் கொத்தின் வேகம். அது எந்த வரிசையில் மிகக் குறைகிறது என்று பாருங்கள், 0.615இல் நிற்கும்.

தவறு எங்கெல்லாம் வரும் என்றால்: 978ஐ மறந்தால் வயது 0.014 என்று வரும், ஹபிள் எண்ணின் அலகை ஆண்டாக மாற்றும் எண் அது. நடுப்புள்ளிகளை விட்டுவிட்டு 0.01, 0.02 என்று 1.00 வரை போட்டால் வயது ஏழு கோடி ஆண்டு அதிகமாகக் காட்டும். பூஜ்ஜியத்தில் தொடங்கினால் முதல் வரிசையிலேயே பிழைச் செய்தி. மூன்றாம் அடுக்குக்குப் பதில் இரண்டாம் அடுக்கு போட்டுவிட்டால் நான்காவது நெடுவரிசை எங்குமே குறையாமல் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஆனால் அடுக்கைச் சரிபாருங்கள். அளவு 0.01க்குக் கீழே நுணுக்கமாகப் போக ஆசைப்பட்டால் ஒளிக்கு 0.00009ஐ நான்காம் அடுக்கால் வகுத்து வர்க்கமூலத்துக்குள் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஆரம்பக் காலம் தப்பாக வரும்.

கடைசியாக ஒரு சோதனை. வெற்றிடத்தின் விகிதம் −1 இல்லாமல் −0.9 என்று இருந்தால் என்ன ஆகும்? 0.685ஐ அளவின் 0.3ஆம் அடுக்கால் வகுத்துவிட்டு மற்றதை அப்படியே விடுங்கள். வயது சுமார் 20 கோடி ஆண்டு குறையும். வேகம் திரும்பும் இடமோ 0.613இலிருந்து 0.616க்குத்தான் போகிறது, உங்கள் அட்டவணையில் அது அதே 0.615 வரிசையிலேயே நிற்கும். டெசி குழு 1.4 கோடிக்கு மேற்பட்ட விண்மீன் கூட்டங்களையும் குவேசார்களையும் (தொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்மீன் கூட்ட மையங்கள்) அளந்த பிறகும் வாக்குவாதம் ஓயாதது அதனால்தான்.